மாதாமாதம் வருபவர்கள்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு ஆகியவை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூட இருப்பவை. இவற்றுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, நோயாளியின் அடுப்படியிலும் வேலையிடத்திலும்தான் நடக்கிறது. மருத்துவரைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் நோயைப் பார்த்துக்கொள்வது நோயாளியும் அவர் வீட்டாரும். ஆகவே இந்த நோய்களை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக் கவனிப்பதே சரி என்பது இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. அந்த நிலையத்திடம் நோயாளி எதை எதிர்பார்க்கிறார் என்பதற்கு மட்டும் திட்ட ஆவணங்களில் ஒதுக்கப்படும் இடம் குறைவு.

புதுச்சேரிக்கு இது பெரிய கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. வயதுவந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் நாட்டளவில் 11.4 விழுக்காடு, கோவாவில் 26.4, அதற்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் 26.3. நான்கு பேர் உட்கார்ந்து டீ குடித்தால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை என்று பொருள். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம்; அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நகரவாசிகள். இந்தச் சிறிய ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற நிறுவனம். அரசு பொது மருத்துவமனை உண்டு, தனியார் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஆனாலும் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருடைய ஆயுளைத் தீர்மானிப்பது, முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ அவர் மாதாமாதம் போய் நிற்கும் சின்ன நிலையம்தான்.

புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. முப்பது வயதைக் கடந்த எல்லாரையும் பரிசோதித்துப் பதிவு செய்வது பிறகு இதில் சேர்ந்தது. இந்தத் திட்டம் கேட்பவை எண்கள்: எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள், எத்தனை பேருக்கு நோய் கண்டீர்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது. எல்லாமே வேண்டிய கேள்விகள். நோயாளியிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. இந்த மாதம் எத்தனை நாள் கூலி போயிற்று, எத்தனை முறை நடந்தேன், எத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினேன் என்பது அந்தக் கணக்கு. நெடுங்காலம் இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: முதல் கணக்கு எப்படி வரும் என்பதைப் பெரும்பாலும் இரண்டாம் கணக்குதான் தீர்மானிக்கிறது.

நோயாளிகளைக் கேட்டால் முதலில் வருவது மாத்திரை. "முப்பது நாளைக்கும் இருக்குங்களா?" என்பதே பார்மசி ஜன்னலில் அதிகம் கேட்கும் கேள்வி. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், டெல்மிசார்ட்டான், அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, விலை குறைந்த மருந்துகள். இருப்பு குறையும் மாதங்களில் இவற்றைப் பத்து நாளைக்கு, பதினைந்து நாளைக்கு என்று பிரித்துக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். பார்மசிஸ்ட்டின் இடத்தில் இருந்து பார்த்தால் அது நியாயமானது; வந்தவர் எல்லாருக்கும் கொஞ்சமாவது கிடைக்க வேண்டுமே. நோயாளிக்கு அது மாதத்தில் மூன்று முறை நடை, மூன்று முறை வரிசை. பலர் மூன்றாம் முறை வருவதில்லை. இருப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மாதத்தை ஓட்டுகிறார்கள். அடுத்த முறை பிரஷர் 170 என்று காட்டும்போது, மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். பை கனக்கிறது, பிரஷர் இறங்குவதில்லை. பத்து நாள் மாத்திரையில் தொடங்கிய சிக்கல், ஏட்டில் 'கட்டுப்படாத இரத்த அழுத்தம்' என்று முடிகிறது.

இது புதுச்சேரியின் தனிச் சங்கடம் என்று சொல்ல முடியாது. நீண்டகால மருந்துகளைச் சரியாக எடுத்துக்கொள்வோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. காரணங்களை நோயாளியின் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது என்பதும் அந்த அறிக்கையின் செய்தி. இந்தியாவில் 2017இல் தொடங்கிய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியும் இதே இடத்தில்தான் கை வைத்தது: எல்லாருக்கும் ஒரே எளிய மருந்து வரிசை, ஒவ்வொரு முறையும் முப்பது நாள் மாத்திரை, தவறாத இருப்பு.

மாத்திரை இருந்தால் மட்டும் போதாது, அது போன மாதத்து மாத்திரையாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள் நோயாளிகள். கொள்முதல் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் உருவமும் மாறுகின்றன. எழுத்து தெரியாத முதியவருக்கு மருந்தின் பெயர் என்பதே நிறம்தான்: காலையில் வெள்ளை, ராத்திரி ரோஸ். நிறம் மாறிய மாதத்தில் சிலர் ஒன்றை இரண்டு முறை போடுகிறார்கள், இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். மாத்திரையைக் கொடுக்கும் கை, "இது பழசுதாம்மா, கலர் மட்டும் மாறியிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் இருப்பதில்லை.

நகரின் ஒரு நிலையத்தில் ஐம்பதைக் கடந்த அம்மா ஒருவர், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர், மருத்துவரின் மேசைமேல் மஞ்சள் பையைக் கவிழ்க்கிறார். நிலையத்தில் கொடுத்த தாள் உறைகள் ஒரு பக்கம், தனியார் கிளினிக் ஒன்றில் எழுதிக்கொடுத்துக் கடையில் வாங்கிய பளபளப்பான அட்டைகள் ஒரு பக்கம். பதினோரு மணிவாக்கில் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்பது அவர் சொல்லும் குறை. மார்க்கெட் வாசலில் ஒரு கலர் வாங்கிக் குடித்தால் சரியாகிவிடுகிறதாம். மருத்துவர் ஓர் உறையையும் ஓர் அட்டையையும் அருகருகே வைக்கிறார். இரண்டிலும் கிளிமிபிரைடு.

"ரெண்டும் ஒண்ணா டாக்டரம்மா? நான் ரெண்டையும்ல போட்டுக்கினு இருந்தேன்!"

"பேரு வேற, மருந்து ஒண்ணும்மா. அதான் சுகர் ரொம்ப எறங்கிப் போயிருக்கு."

"வெயிலுதான்னு நெனச்சேன். யாரும் சொல்லலையே."

சீட்டில் தனித்தனியாகப் பார்த்தால் எந்த மருத்துவர் எழுதியதிலும் தவறில்லை. அந்த அம்மா இரண்டு இடத்துக்கும் போனதற்கும் காரணம் உண்டு. நிலையத்தில் மாத்திரை தீர்ந்த மாதத்தில் தனியாரிடம் போனார். பழையதையும் விட மனமில்லை. கலர் குடித்தால் தெளிகிறது என்ற ஒரு வாக்கியத்தில் நோயின் முழுக் குறிப்பும் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடமும், பையைக் கவிழ்க்க ஒரு மேசையும் வேண்டியிருந்தன. 'பையோடு வாருங்கள்' என்று எல்லா நோயாளிகளிடமும் சொல்லி, ஆண்டுக்கு ஓரிரு முறையாவது பையை முழுக்கப் பார்ப்பது, எந்தப் புதிய கருவியும் தேவைப்படாத, மிகப் பயனுள்ள பரிசோதனை.

மாத்திரை என்ன செய்யும் என்பதோடு, அதனால் என்ன தொந்தரவு வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அடுத்த எதிர்பார்ப்பு. மெட்ஃபார்மின் தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும்; சாப்பாட்டோடு போட்டால், சிறிய அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும். அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும். எனலாப்ரில் போட்டால் வறட்டு இருமல் வரலாம். முன்பே கேட்டிருந்தவர் இருமல் வந்தால் நிலையத்துக்கு வந்து மாற்றிக்கொள்கிறார். கேட்காதவர், 'இங்கிலீஷ் மருந்து உடம்பைக் கெடுக்குது' என்று முடிவுகட்டி மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்.

அடுத்து நேரம். பல நிலையங்களில் தொற்றா நோய்க்கான சிகிச்சை காலை வேளையில்தான் முழுமையாக நடக்கிறது. சில இடங்களில் அதற்கென்று வாரத்தில் ஒரு நாள் குறித்திருப்பார்கள். மீன் விற்பவருக்கும் காய்கறிக்காரருக்கும் காலைதான் வியாபாரம். நேரு வீதிக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பாதி நாள் லீவு என்பதே கிடையாது. பெயிண்டருக்கும் கொத்தனாருக்கும் காலை எட்டரைக்குள் வேலையிடம் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஓய்வு பெற்றவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும் தவறாமல் வருவதற்கும், நாற்பது வயது ஆண்கள் ஏட்டில் பெயராக மட்டும் இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆண்களுக்கு உடம்பில் அக்கறை இல்லை என்று சொல்வது எளிது. வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழு வரை திறந்துவைத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொன்னால் நம்பலாம்.

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற கடலோரக் குப்பங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பிரஷர் பார்க்க, சுகர் பார்க்க அவர்களைப் பிடிக்க ஏற்ற 61 நாள் அது. தடை நீங்கியதும் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போகிறவரிடம் 'காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால்' என்று எழுதிய சீட்டுக்கு அர்த்தமில்லை. சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாத படகில் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டால் நடுக்கடலில் சுகர் இறங்கும். இப்படிப்பட்டவர் கேட்பது, தன் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு மாத்திரை நேரத்தை எழுதும் மருத்துவரை.

வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை தனி அவதி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, சீட்டு வாங்கி, இரத்தம் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்து, மறுநாள் ரிப்போர்ட் வாங்கி, பிறகுதான் மருத்துவரைப் பார்க்க முடிகிறது. மக்கள் 'மூணு மாச டெஸ்ட்' என்று சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம். அது கிடைக்கும் இடங்களில் இதைச் சொன்னாலே முதியவர் பலருடைய முகம் மலர்கிறது.

நோய் ஒரு சுமை. சிகிச்சை இன்னொரு சுமை. இந்த இரண்டாவதைப் பற்றி 2009இல் கார்ல் மே, விக்டர் மொன்டோரி, ஃபிரான்சஸ் மெயர் என்ற மூவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நோயாளியின் வாழ்க்கையை முடிந்தவரை குலைக்காத மருத்துவம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். எத்தனை வருகை, எத்தனை சீட்டு, எத்தனை கட்டுப்பாடு என்று நோயாளிமேல் ஏற்றிக்கொண்டே போனால், ஓரளவுக்கு மேல் அவர் எல்லாவற்றையும் கீழே போட்டுவிடுவார் என்றார்கள். மார்க்கெட்டிலிருந்து வரும் அந்த அம்மாவுக்குக் கட்டுரை எதுவும் படிக்காமலேயே இது தெரியும்.

புதுச்சேரியில் இதற்கு ஓர் ஒப்பீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு இராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்களும், பிரான்சில் வேலை பார்த்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் உறவினர்களும் இங்கே உண்டு. பிரான்சில் நீரிழிவு, நெடுநாள் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த நோய் தொடர்பான செலவைக் காப்பீடு முழுமையாக ஏற்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குடும்ப மருத்துவரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். நிலையான நோய்க்குப் பல மாதங்களுக்கு ஒரே சீட்டு எழுதப்படுகிறது. மாதாமாதம் மருந்துக்கடையில் காட்டி வாங்கிக்கொள்ளலாம், மருத்துவர் முன் போய் நிற்க வேண்டியதில்லை. அண்ணன் பாரீஸ் பக்கம் இப்படி வாங்குகிறார், தம்பி முதலியார்பேட்டையில் மாதாமாதம் வரிசையில் நிற்கிறார். பிரஷர் பல மாதங்களாக நிலையாக இருப்பவருக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதில் மருத்துவத் தடை எதுவும் இல்லை. தடை இருப்பில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வரிசையும் குறையும், புதிதாக வந்தவருக்கும் கட்டுப்படாதவருக்கும் மருத்துவரின் நேரம் மிஞ்சும்.

பழகிய முகம் வேண்டும் என்பதையும் நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் மாறிமாறி வரும் ஊர் இது. ஒவ்வொரு முறையும் புது டாக்டரிடம் 'எப்போதிலிருந்து சுகர்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் மாறினாலும் மாறாதவர்கள் நர்ஸும் ஆஷா பணியாளரும் பார்மசிஸ்ட்டும்தான். அமெரிக்காவில் எட்வர்டு வாக்னர் 1990களில் வகுத்த நீடித்த நோய்ப் பராமரிப்பு முறையின் உயிர்நாடியும் இதுவே: தனி மருத்துவர் ஒருவரை நம்பாமல், தயாராக இருக்கும் ஒரு குழு. இங்கே அந்தக் குழுவின் நடுவில் நிற்பவர் நர்ஸ். 'போன மாசம் மக கல்யாணம்னு சொன்னீங்களே, நல்லபடியா முடிஞ்சுதா?' என்று அவர் கேட்ட பிறகு சுகர் ஏன் ஏறியிருக்கிறது என்பதற்குத் தனி விசாரணை தேவைப்படுவதில்லை.

திட்டு வாங்க யாருக்கும் பிடிப்பதில்லை. 'இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்', 'கிட்னி போயிடும்' என்று பயமுறுத்துவது அக்கறையினால் வருவதுதான். அதன் விளைவை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். சுகர் 300 இருக்கும் என்று தெரிந்தவர் அந்த மாதம் நிலையத்துக்கு வருவதையே தவிர்க்கிறார். மிகவும் வர வேண்டிய மாதம் அதுதான். சிலர் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து, நல்ல எண்ணோடு வந்து, பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். எண் கூடிய நாளிலும் வரலாம் என்ற தைரியத்தைத் தருவது நிலையத்தின் பொறுப்பு.

சாப்பாட்டு அறிவுரையில் ஏமாற்றம் அதிகம். 'அரிசியைக் குறைங்க, சப்பாத்தி சாப்பிடுங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க' என்பதோடு அது முடிந்துவிடுகிறது. வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு வடித்துவிட்டுத் தனக்கென்று சப்பாத்தி இட எந்த அம்மாவுக்கும் நேரமில்லை. கோதுமை மாவிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. நோயாளி கேட்பது அளவு. எத்தனை கரண்டி சோறு, அதோடு எவ்வளவு பொரியல்? மீன் குழம்பு சாப்பிடலாமா, கருவாட்டில் உப்பு எவ்வளவு? டீக்கடையில் ஒரு நாளைக்கு நாலு டீ, கூடவே பொறை. அதில் எதை விடலாம்? தட்டைக் காட்டி, பாதிக்குக் காய், கால் பங்குக்குச் சோறு, மீதியில் மீனோ பருப்போ முட்டையோ என்று சொன்னால் அந்தக் கணமே புரிகிறது. மனைவியை உடன் அழைத்துச் சொன்னால் கணவன் தட்டு மாறுகிறது. சுகர் மனைவிக்கு என்றால் கதை வேறு: தனக்காகச் சமையலை மாற்றும்படி வீட்டில் கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. அவருக்காகப் பேச நிலையத்திலிருந்து ஒருவர் வேண்டும்.

நோன்பும் விரதமும் பண்டிகையும் சிகிச்சை அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்பதும் நியாயமான எதிர்பார்ப்பு. ரமலான் தொடங்கும் முன்பே வந்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள முல்லா வீதிப் பக்கத்து முதியவர்கள் விரும்புகிறார்கள். 'நோன்பு வைக்கக் கூடாது' என்று மட்டும் சொன்னால், வைப்பார்கள். மருத்துவரிடம் சொல்ல மாட்டார்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. ஆடியில் தீமிதி. சபரிமலைக்கு மாலை போட்டால் விரதம் முடியும் வரை செருப்பில்லை. நீண்டநாள் சர்க்கரையில் பாத உணர்வு மரத்துப்போனவருக்குக் கல் குத்தியதும் தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. புண் நாறத் தொடங்கிய பிறகே வருவார். பத்து கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்வு இருக்கிறதா என்று அறிய இரண்டு நிமிடம் போதும். உணர்வு போனவரிடம் அதை அவர் கண்ணெதிரே காட்டிவிட்டு, மாலை போட்டாலும் பாதத்தைக் காக்கத் துணியாவது கட்டிக்கொள்ளுங்கள், தினமும் இரவில் பேரப்பிள்ளையை விட்டுப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றால் கேட்டுக்கொள்கிறார்கள். பக்திக்கு எதிராக மருத்துவம் நின்றால் தோற்பது மருத்துவம்தான்; கூடவே நின்றால் கால் பிழைக்கும்.

சிலவற்றை நோயாளிகள் கேட்க விரும்பியும் கேட்பதில்லை. அதற்குக் காரணம் அறை. ஒரே அறையில் இரண்டு மேசை, கதவருகே அடுத்த நான்கு பேர், பக்கத்தில் எடை பார்ப்பவர். அங்கே வைத்து 'குடிப்பீங்களா?' என்று கேட்டால் 'எப்பவாவது' என்ற பதில்தான் வரும். புதுச்சேரியில் மது எளிதில் கிடைப்பது. சாராயக் கடையும் உண்டு. குடியால் பிரஷர் ஏறுகிறது, மாத்திரை தவறுகிறது, சாப்பிடாமல் குடித்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. தனியாக வைத்து, தீர்ப்புச் சொல்லும் தொனி இல்லாமல் கேட்டால் உண்மை வரும். விட வேண்டும் என்று உதவி கேட்பவரும் அவர்களில் இருப்பார்கள். ஆண்மைக் குறைவு சர்க்கரையோடு அடிக்கடி வருவது. அதைக் கேட்க வெட்கப்பட்டு, விளம்பரத்தைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் பணம் தொலைத்தவர்கள் உண்டு. பெண்களுக்குப் பிறப்புறுப்பு அரிப்பு, சிறுநீர்க் கடுப்பு. இரு பாலாருக்கும் மனச்சோர்வு: தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, மாத்திரை போட்டு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். மூன்று நிமிடச் சந்திப்பில் இவை எதுவும் வெளியே வராது. ஒரு திரைச்சீலையும் நம்பிக்கையான ஒரு நர்ஸும் இருந்தால் வரும்.

பரிசோதனைகளில் நோயாளிகள் கேட்பது சிக்கனமானது. ஒரே இடத்தில், ஒரே நாளில் முடிய வேண்டும். முடிவைப் புரியும்படி சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் எழுதித் தர வேண்டும். கண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், பாதம். இவை ஏன் என்று சொல்லப்படாதவர்கள், 'கண்ணு நல்லாத்தான தெரியுது' என்று போவதில்லை. விழித்திரை பாதிப்பு வெகுநாள் வரை பார்வையைத் தொடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. கணினியில் எண் ஏற்றுவது வந்த பிறகு சில இடங்களில் நோட்டில் எழுதுவது குறைந்துவிட்டது. நோயாளிக்குக் கணினி தெரியாது; நோட்டுதான் அவருடையது. அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரேஷன் கார்டோடு வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது நோயாளிக்கு ஒரு பயம்: அங்கே முழு நாள் போகும், பிறகு இங்கே திரும்பிச் சேர்த்துக்கொள்வார்களா? சீட்டில் என்ன காரணத்துக்காக அனுப்புகிறோம் என்று இரண்டு வரி, அங்கிருந்து என்ன மாற்றினோம் என்று இரண்டு வரி இருந்தால் போதும். பல சமயம் முதல் இரண்டு வரி இருக்கும், இரண்டாவது இருக்காது. பெரிய இடத்தில் எழுதிய புது மருந்து சின்ன நிலையத்தின் பார்மசியில் இல்லையென்றால் நோயாளி நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

படுக்கையில் இருப்பவர்களின் தேவை வேறு. பக்கவாதம் வந்து எழ முடியாதவர், கால் எடுத்தவர், டயாலிசிஸில் இருப்பவர் ஆகியோர் சார்பில் மாத்திரை வாங்க வருவது மகளோ மருமகளோ. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இயன்முறை மருத்துவமும் வலி தணிக்கும் பராமரிப்பும் அதில் சேர்ந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் உறவினர் உள்ள புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரியும். 'அங்க வீட்டுக்கே வருதே' என்று கேட்கிறார்கள். வீட்டு வாசலில் மாத்திரை வருவது பெரிய வசதி. வருபவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, படுக்கைப் புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, பராமரிப்பவர் சாப்பிட்டாரா என்றும் கேட்டால் அந்த வருகையின் பயன் பன்மடங்கு.

நோயாளி விரும்புவதெல்லாம் அவருக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. அசதிக்கு ஓர் ஊசி, ஒரு டிரிப் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சுகர் நார்மல் வந்துவிட்டது, இனி நிறுத்திவிடலாமா என்பது எல்லாருடைய கேள்வியும். மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாதபோது எதற்கு மருந்து என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பிரிட்டனில் இருபது ஆண்டு நடந்து 1998இல் முடிவுகள் வெளியான ஆய்வு, தொடக்கத்திலிருந்தே சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பிறகு தொடர்ந்து கவனித்ததில், அந்த ஆரம்பக் கட்டுப்பாட்டின் பலன் ஆண்டுகள் கடந்தும் நீடித்தது. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற அச்சம் ஆழமானது. ஊசியை நோயாளியின் கையிலேயே கொடுத்து முதல் முறை நர்ஸ் முன்னிலையில் போட வைத்தால் பாதி அச்சம் அங்கேயே போய்விடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு சட்டியில் வைத்துக் காக்கலாம் என்பதையும் அப்போதே காட்ட வேண்டும். சித்த மருந்து எடுப்பவர்கள் பலர். அதை மறைக்காமல் சொல்லும்படி கேட்டு, சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வதே நடைமுறையில் பலன் தருகிறது.

இவற்றை எப்படி அளப்பது என்பது மீதமுள்ள கேள்வி. ஏட்டில் ஏற்கெனவே இருக்கும் பத்திகளோடு வேறு சிலவற்றைச் சேர்க்க அதிகச் செலவு ஆகாது: இந்த வருகையில் முழு மாத மாத்திரை கிடைத்ததா, உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரை எவ்வளவு நேரம், கேட்க நினைத்ததைக் கேட்க முடிந்ததா, பாதத்தை யாராவது தொட்டுப் பார்த்தார்களா. கேட்பவர் மருத்துவராக இருக்கக் கூடாது. டாக்டரம்மாவிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, வாசலில், ஆஷா கேட்டால் சொல்வார்கள். வராமல் நின்றுபோனவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். இப்போதைய கணக்குகளில் அவர்களுக்குப் 'பின்தொடர்வு விடுபட்டோர்' என்ற ஒரே பத்திதான் இருக்கிறது. ஏன் விடுபட்டார்கள் என்பதை எழுத அதற்கு அடுத்து இன்னொரு பத்தி வேண்டும்.